அறிவிப்பால் மறையும் பகடி: இரசிகர் உருவாக்கும் கணினி விளையாட்டுகளும் பதிப்புரிமை அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற கணினி விளையாட்டுகளை அவற்றின் இரசிகர்களே பகடி செய்து உருவாக்கும் விளையாட்டுகள் பல, பதிப்புரிமை உடையோர் விடுக்கும் ஓர் அறிவிப்பினாலேயே பொதுவெளியிலிருந்து மறைந்துவிடுகின்றன. நீதிமன்றம் அவற்றைப் படிப்பதுமில்லை, தீர்ப்புச் சொல்வதுமில்லை. பகடிக்குச் சட்டம் தரும் இடத்தையும், அவ்விடம் இரசிகப் படைப்பாளிக்கு நடைமுறையில் எட்டாமற் போகும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 'நோ மரியோஸ் ஸ்கை', 'ஃபைட்டிங் இஸ் மேஜிக்', 'பிளட்போர்ன் கார்ட்' ஆகிய மூன்று விளையாட்டுகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கடுமையாகத் தாக்கும் பகடியைக் காக்கும் சட்டம், மூலத்தை நேசித்தபடியே நகையாடும் பகடியைக் காக்கத் தவறுகிறது என்பதும், அதனால் திறனாய்வுலகம் தன் மூலபாடங்களை இழக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: பகடி, அங்கதம், சார்புநூல், இரசிகர் விளையாட்டு, பதிப்புரிமை, நியாயமான பயன்பாடு, பாட வேறுபாடு

முன்னுரை

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், மூன்று நாட்களுக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடைய 'லூடம் டேர்' என்ற இணைய நிகழ்வுக்காக 'நோ மரியோஸ் ஸ்கை' என்னும் சிறு விளையாட்டு உருவாயிற்று. அம்மாதத் தொடக்கத்தில் பெரும் எதிர்பார்ப்புகளுக்கிடையே வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விண்வெளி விளையாட்டையும், 1985 முதல் உலகெங்கும் ஆடப்பட்டுவரும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டையும் ஒன்றோடொன்று மோதவிட்ட பகடி அது. சில நாட்களிலேயே நிண்டெண்டோ நிறுவனத்தின் பதிப்புரிமை அறிவிப்பு வந்தது, விளையாட்டு நீக்கப்பட்டது. ஏறத்தாழ அதே வேளையில் 'கேம் ஜோல்ட்' என்னும் தளத்துக்கு அந்நிறுவனம் விடுத்த அறிவிப்பொன்றில் 562 இரசிகர் விளையாட்டுகள் பட்டியலிடப்பட்டிருந்தன. மூலத்தை அப்படியே மறுவாக்கம் செய்தவை, மூலத்தின் பாத்திரங்களைக் கொண்டு புதுக்கதை சொன்னவை, மூலத்தை நகையாடியவை என்னும் வேறுபாடு எதுவும் இத்தகைய பட்டியலுக்குத் தேவைப்படுவதில்லை.

இலக்கியத் திறனாய்வு முதலிற் கேட்கும் வினா, ஒரு படைப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பதாகும். பதிப்புரிமைச் சட்டமும் பகடி குறித்த வழக்குகளில் அதே வினாவைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது. ஆனால், வழக்கு என ஒன்று எழாதபோது அவ்வினாவைக் கேட்பவர் யார் என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கல்.

1. பகடியும் அங்கதமும்: சொற்களின் எல்லை

இக்கட்டுரையில் 'பகடி' என்பது, முன்னரே உள்ள ஒரு படைப்பின் வடிவத்தைத் தானே எடுத்துக்கொண்டு அதனை வேறுபடுத்திக் காட்டும் படைப்பைக் குறிக்கிறது. 'அங்கதம்' என்பது ஒரு மனிதரையோ நிறுவனத்தையோ சமூக நிலையையோ பழித்துரைப்பது. அதற்குப் பிறிதொரு படைப்பின் வடிவம் கட்டாயமில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக வகுக்கும்போதும் பழிப்பின் வெளிப்பாட்டு முறையையே அளவுகோலாகக் கொள்கிறது. பகடிக்குரிய அளவுகோல் வேறு. மூலத்தோடு அது கொள்ளும் உறவே அதன் அடையாளம்.

அவ்வுறவைச் சுட்டத் தமிழ் மரபில் ஒரு கருவி உண்டு. முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. நன்னூல் மூன்றாவதாகச் சார்புநூலைச் சேர்த்து, முன்னைய இரண்டோடும் ஒரு பகுதியில் ஒத்து ஏனையவற்றில் திரிந்து வேறுபடுவது என அதற்கு இலக்கணம் கூறுகிறது. அறிவு நூல்களுக்கு உரைக்கப்பட்ட இவ்விலக்கணம் பகடிக்கென எழுந்ததன்று. ஆயினும், ஒப்புமையும் திரிபும் ஒருங்கே இருந்தாலன்றி ஒரு நூல் அவ்வகையுள் அடங்காது என்னும் அதன் உள்ளமைப்பு, பகடியை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது. ஒப்புமை குறைந்தால் பகடியின் இலக்கு எதுவென வாசகர் அறியமாட்டார். திரிபு குறைந்தால் அது படியெடுப்பாகிவிடும்.

கனடிய அறிஞர் லிண்டா ஹட்சன் 1985இல் வெளியிட்ட பகடிக் கோட்பாட்டு நூலில், பகடியைத் திறனாய்வுத் தொலைவோடு கூடிய மறுநிகழ்த்தல் என விளக்கினார். பகடி ஏளனம் செய்தே ஆகவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. மதிப்புடன் நினைவுகூர்வது முதல் கடுமையாக எள்ளுவது வரை அதன் தொனி விரியும் என்பது அவர் நிலைப்பாடு. இரசிகர் விளையாட்டுகளை ஆராய்கையில் இக்கருத்து இன்றியமையாதது. ஏனெனில், இரசிகர் செய்யும் பகடி பெரும்பாலும் அந்த நெடிய அளவுகோலின் நடுப்பகுதியிலேயே நிற்கிறது.

2. விதிகளைப் பகடி செய்தல்

கவிதையைப் பகடி செய்பவர் யாப்பையும் சொல்லாட்சியையும் கைக்கொள்கிறார். திரைப்படத்தைப் பகடி செய்பவர் காட்சியமைப்பைக் கைக்கொள்கிறார். கணினி விளையாட்டைப் பகடி செய்பவர் கைக்கொள்ள வேண்டியது அதன் விதிகளை. அதாவது, ஆடுபவர் என்ன செய்யலாம், எது தடுக்கப்படுகிறது, எதற்குப் பரிசு கிடைக்கிறது என்னும் ஒழுங்கை. விளையாட்டு தன் கருத்தைச் செயல்முறைகளின் வழியாகவே வாதிடுகிறது என்பதை இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். எனவே விளையாட்டுப் பகடியின் கூர்மையும் விதியிலேயே அமைகிறது.

'நோ மரியோஸ் ஸ்கை' இதற்கு நல்ல சான்று. மூல மரியோ விளையாட்டில் இளவரசியை மீட்பதே இலக்கு. ஒவ்வோர் உலகின் இறுதியிலும் ஆடுபவர் கோட்டையை வென்றபின், இளவரசி வேறொரு கோட்டையில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. எட்டாவது உலகில்தான் அவள் கிடைக்கிறாள். 'நோ மேன்ஸ் ஸ்கை'யோ கணித விதிகளால் தானே உருவாகும் எண்ணிலடங்காக் கோள்களைத் தன் பெருமையாக முன்வைத்த விளையாட்டு. வெளியான சில நாட்களிலேயே, கோள்கள் பெருகினும் அவற்றில் செய்வதற்கு ஏதுமில்லை என்னும் குறை பரவலாக எழுந்தது. பகடி இவ்விரண்டையும் இணைத்தது. மரியோ சிறு சிறு உருண்டைக் கோள்களில் நடக்கிறான், எதிரிகளை மிதிக்கிறான், கலமேறி அடுத்த கோளுக்குச் செல்கிறான், கோள்கள் முடிவதில்லை. எட்டு உலகங்களில் முடிந்த ஒரு தேடல் முடிவிலாத் தேடலாகிறது.

இத்திரிபு ஒரே வேளையில் இரு மூலங்களையும் விமரிசிக்கிறது. பழைய விளையாட்டில் பரிசைத் தள்ளிப்போடும் உத்தி இன்பமளித்தது அதற்கு எல்லை இருந்ததனால்தான் என்பதும், புதிய விளையாட்டின் எல்லையின்மை அதனாலேயே வெறுமையாகிறது என்பதும் ஆடுபவரின் கைகளுக்கே உணர்த்தப்படுகின்றன. ஒரு மதிப்புரை பல பத்திகளில் சொல்ல வேண்டியதை மூன்று நாளில் எழுந்த இவ்விளையாட்டு சில நிமிட ஆட்டத்தில் சொல்லிவிடுகிறது.

ஆனால், இதற்கு விலை உண்டு. மரியோவின் உருவமும் தாவும் முறையும் அப்படியே இல்லாவிட்டால் அவ்வுணர்வு எழாது. உரைநடைப் பகடி மூலத்தின் சில தொடர்களை நினைவூட்டினாற் போதும். விளையாட்டுப் பகடிக்கு மூலத்தின் உடலே தேவைப்படுகிறது. பதிப்புரிமைச் சட்டம் 'எவ்வளவு எடுக்கப்பட்டது' என அளக்கத் தொடங்கும் இடத்தில், இவ்வகைப் பகடி தன் இயல்பினாலேயே பின்தங்கிய நிலையில் நிற்கிறது.

3. அறிவிப்பு செயற்படும் முறை

அமெரிக்கச் சட்டம் பகடிக்கு எதிரானதன்று. ராய் ஆர்பிசனின் பாடல் ஒன்றை '2 லைவ் குரூ' என்னும் இசைக்குழு பகடி செய்தது தொடர்பான கேம்பெல் வழக்கில், வணிக நோக்குடைய பகடியும் நியாயமான பயன்பாடாகலாம் என 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மூலத்தை வாசகர் அடையாளங்காணும் அளவுக்கேனும் பகடி அதிலிருந்து எடுத்தாக வேண்டும் என்பதை அத்தீர்ப்பு ஏற்றது. பகடியின் எள்ளலால் மூலத்தின் மதிப்புக் குன்றி விற்பனை சரிந்தாலும், அது பதிப்புரிமைச் சட்டம் கணக்கிற்கொள்ளும் இழப்பாகாது என்றும் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்பு நீதிமன்றத்தின் உள்ளே பயன்படுவது. இரசிகர் விளையாட்டின் தலைவிதி வெளியிலேயே முடிந்துவிடுகிறது. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் ஆயிரவாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது டிஎம்சிஏ, இணையத் தளங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. பயனர் ஏற்றிய படைப்பு உரிமை மீறலென உரிமையாளர் அறிவித்தவுடன் தளம் அதனை விரைந்து நீக்கிவிட்டால், தளத்தின்மீது இழப்பீட்டுப் பொறுப்பு விழாது. எனவே, படைப்பு பகடியா படியெடுப்பா என ஆராய்வதால் தளத்துக்கு ஆதாயம் எதுவுமில்லை. நீக்குவதே அதற்குப் பாதுகாப்பு.

படைப்பாளி எதிர் அறிவிப்பு விடுக்கலாம். அவ்வாறு விடுத்தால், உரிமையாளர் வழக்குத் தொடராத நிலையில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் படைப்பை மீண்டும் இடவேண்டும். ஆனால், எதிர் அறிவிப்பில் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தந்து, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாகவும் ஒப்புதல் அளிக்க வேண்டும். மீறல் நிறுவப்பட்டால், ஒரு படைப்புக்குச் சட்டம் விதிக்கும் இழப்பீடு பொதுவாக 750 முதல் 30,000 டாலர் வரை. வேண்டுமென்றே செய்த மீறல் எனில் 1,50,000 டாலர் வரை உயரலாம். புனைபெயரில் இலவசமாக ஒரு விளையாட்டை வெளியிட்டவர் இந்நிலையில் என்ன செய்வார் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

அறிவிப்பு விடுக்குமுன் நியாயமான பயன்பாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும் என 2015ஆம் ஆண்டு லென்ஸ் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆயினும், அப்பயன்பாடு நியாயமானதன்று என உரிமையாளர் நல்லெண்ணத்துடன் நம்பினாற் போதுமென அதே தீர்ப்பு அமைதி கூறியது. ஆக, பகடியா என்னும் திறனாய்வு வினாவுக்கு விடைகூறும் முதல் அதிகாரி, பகடி செய்யப்பட்டவரே ஆகிறார். இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இரசிகர் விளையாட்டுகளுள் ஒன்றேனும் தீர்ப்பு வரை செல்லவில்லை. தீர்ப்பு எழாமையால் முன்னுதாரணமும் எழுவதில்லை. முன்னுதாரணம் இன்மையால் அடுத்த அறிவிப்பின் அச்சம் குறைவதுமில்லை.

4. பெயர் மாற்றமும் பாட வேறுபாடும்

அறிவிப்புக்குப் பின் சில விளையாட்டுகள் உருமாறி வெளிவருகின்றன. அவ்வுருமாற்றங்களை, சுவடிப் பதிப்பாசிரியர் பாட வேறுபாடுகளை நோக்குவதுபோல ஒப்புநோக்குவது பயன்தரும். எது நீக்கப்பட்டது என்பதைக் கொண்டு, பகடி எதில் உயிர்வாழ்ந்தது என்பதை அறியலாம்.

'நோ மரியோஸ் ஸ்கை' நீக்கப்பட்டபின் அதன் படைப்பாளிகள் மரியோவின் இடத்தில் ஒரு விண்வெளி வீரனை வைத்து, 'டிஎம்சிஏஸ் ஸ்கை' என்னும் தலைப்பில் வெளியிட்டனர். விதிகள் ஏறத்தாழ அவையே. ஆனால் பகடியின் இலக்கு மாறிவிட்டது. முதற் பாடம் இரு விளையாட்டுகளை நகையாடியது. இரண்டாம் பாடத்தின் தலைப்பு தன்னை நீக்கிய சட்டத்தையே நகையாடுகிறது. நாம் முன்வைத்த சொற்பாகுபாட்டின்படி, பகடி இங்கே அங்கதமாகத் திரிந்தது எனலாம். முந்தைய பாடத்தை அறியாதவருக்கு அத்தலைப்பு வெறும் எழுத்துக் கோவை. அறிந்தவருக்கு அது நடந்ததன் பதிவு.

'மை லிட்டில் போனி' என்னும் குழந்தைகள் தொடரின் இனிய குதிரைக் குட்டிகளைச் சண்டை விளையாட்டில் இறக்கிய 'ஃபைட்டிங் இஸ் மேஜிக்' வேறு வகைப் பாடம் தருகிறது. நட்பே மாயவித்தை என்பது தொடரின் துணைத் தலைப்பு. சண்டையே மாயவித்தை என்பது பகடியின் தலைப்பு. ஒரு சொல் மாற்றத்தில் முழு எதிர்மறையும் அடங்கியிருந்தது. 2013 பிப்ரவரியில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் நிறுத்துமாறு அறிவிப்பு விடுத்தது. அதன்பின், அத்தொடரை வடிவமைத்த லாரன் ஃபாஸ்ட் புதிய பாத்திரங்களை வரைந்துதர முன்வந்தார். பொதுமக்கள் நிதியுதவியுடன் வளர்ந்த அவ்விளையாட்டு 'தெம்ஸ் ஃபைட்டின் ஹெர்ட்ஸ்' என்னும் பெயரில் 2020இல் முழு வடிவம் பெற்றது. இதனை வெற்றிக் கதையாகக் கூறுவது வழக்கம். தொழில்நோக்கில் அது வெற்றியே. பகடி என்னும் நோக்கிலோ, இனிமையை விற்கும் ஒரு தொடருக்கும் வன்மையை விற்கும் ஒரு விளையாட்டு வகைக்கும் இடையே நின்ற முரண் அதில் இல்லாது போயிற்று. எஞ்சியது விலங்குகள் சண்டையிடும் நல்லதொரு தனி விளையாட்டு. மூலத்தைப் படைத்த கலைஞரே பகடியாளர் பக்கம் நிற்க, உரிமை கொண்ட நிறுவனம் மறுபக்கம் நின்றது என்பதும் கருதத்தக்கது. 'ஆசிரியர்' என்னும் சொல்லால் சட்டம் காக்க முனைவது யாரை என்னும் ஐயத்தை இந்நிகழ்வு எழுப்புகிறது.

மூன்றாவது சான்று 'பிளட்போர்ன் கார்ட்'. சோனி நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'பிளட்போர்ன்' இருளும் குருதியும் அச்சமும் நிறைந்த விளையாட்டு; கடினத்துக்குப் பெயர்பெற்றது. அதன் வேட்டைக்காரர்களைச் சிறுவர் விரும்பும் சிறுவண்டிப் பந்தயத்தில் அமரவைத்தது லிலித் வால்தர் உருவாக்கிய பகடி. 2024 ஜனவரி இறுதியில் வெளிவரவிருந்த நிலையில், சோனி தொடர்புகொண்டதையடுத்து மூலத்தின் அடையாளங்கள் நீக்கப்பட்டன. அவ்வாண்டு மே 31 அன்று 'நைட்மேர் கார்ட்' என்னும் பெயரில் அது இலவசமாக வெளிவந்தது. இங்கே பகடி பெரிதும் பிழைத்தது. காரணம், அதன் நகை ஒரு தனி விளையாட்டின் பாத்திரங்களைவிட, இருண்ட கோதிக் கதைமரபும் குழந்தைப் பந்தயமும் மோதும் வகைமை மோதலில் வேரூன்றியிருந்தது. வகைமை எவருக்கும் உடைமையன்று.

மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு பொது உண்மை புலப்படும். வகைமையைப் பகடி செய்வது அறிவிப்பைத் தாங்கி நிற்கும். குறிப்பிட்ட ஒரு படைப்பைப் பகடி செய்வது தாங்காது. திறனாய்வின் கூர்மை மிகுவது பின்னதில்தான்.

5. சினப் பகடியும் அன்புப் பகடியும்

விலங்குநல அமைப்பான பீட்டா 2012இல் 'போக்கிமான் பிளாக் அண்ட் புளூ' என்னும் விளையாட்டை வெளியிட்டது. சிற்றுயிர்களைப் பிடித்துச் சண்டைக்குப் பழக்குவதை அடிப்படையாகக் கொண்ட போக்கிமான் வரிசையை, விலங்குவதையாகச் சித்திரித்த கடும் பகடி அது. காயமுற்ற உயிர்கள் தம் பயிற்சியாளர்களுக்கு எதிராகவே போரிடுகின்றன. உரிமையாளர்கள் அதிருப்தி தெரிவித்தனர். ஆயினும் அவ்விளையாட்டு அமைப்பின் தளத்தில் தொடர்ந்து கிடைத்தது. நான்காண்டுகளுக்குப் பின், போக்கிமான் இரசிகர்கள் ஏறத்தாழ ஒன்பதாண்டு உழைத்து இலவசமாக வெளியிட்ட 'போக்கிமான் யுரேனியம்', சில நாட்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவ்வேறுபாட்டை அமைப்பின் பணபலம், வழக்கறிஞர் பலம் ஆகியவற்றால் மட்டும் விளக்குவது முழுமையாகாது. சட்டத்தின் பகடி இலக்கணமே இதற்கு வழிசெய்கிறது. கேம்பெல் தீர்ப்பின்படி, பகடி மூலத்தைப் பற்றி ஏதேனும் கருத்துரைக்க வேண்டும். மூலத்தை வேறொன்றைச் சாடக் கருவியாக்குவது அங்கதம், அதற்கு இவ்வளவு சலுகை இல்லை. பீட்டாவின் விளையாட்டு மூலத்தை வெளிப்படையாகத் தாக்குகிறது. எனவே பகடி என நிறுவுவது எளிது. மாறாக, இரு மூலங்களை இணைத்து இரண்டையும் நேசத்தோடு நகையாடும் படைப்புக்கு அவ்வெளிமை இல்லை. டாக்டர் சூஸின் படநூலையும் 'ஸ்டார் டிரெக்' உலகையும் இணைத்த நூலொன்று பகடியாகாது என 2020இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் முடிவுசெய்தது இதற்குச் சான்று.

இதன் விளைவு முரணானது. மூலத்தை வெறுப்பவருக்குச் சட்டம் அரணாகிறது. மூலத்தை அறிந்து, அதில் வாழ்ந்து, அதன் குறையை உள்ளிருந்தே காட்டுபவருக்கு அரணில்லை. ஹட்சன் விளக்கிய பகடியின் நீண்ட அளவுகோலில் ஒரு முனையை மட்டுமே சட்டம் காண்கிறது. இரசிகப் பகடியின் அறிவு அந்த முனையில் இல்லை. இளவரசியின் கோட்டையை இளமையில் எட்டுமுறை தேடியவருக்கே அத்தேடலை முடிவிலியாக்கும் எண்ணம் தோன்றும்.

6. உரிமையாளர் தரப்பு வாதங்கள்

உரிமையாளர் தரப்பில் நியாயங்கள் இல்லாமல் இல்லை. மறுவாக்கம் ஒன்று மூலத்தின் சந்தையைக் கைப்பற்றக்கூடும். 1991இல் வந்த ஒரு மெட்ராய்டு விளையாட்டின் இரசிகர் மறுவாக்கமான 'ஏஎம்2ஆர்' 2016 ஆகஸ்டில் வெளியாகி நீக்கப்பட்டது. அதே விளையாட்டின் அதிகாரபூர்வ மறுவாக்கத்தை நிண்டெண்டோ 2017 செப்டம்பரில் வெளியிட்டது. இங்கே போட்டி உண்மையானது. குழந்தைகளுக்கான பாத்திரம் ஒன்று ஆபாசத்திலோ வெறுப்புப் பரப்புரையிலோ தோன்றுவதை நிறுவனம் எதிர்ப்பதும் புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆயினும், இவ்வாதங்கள் பகடிக்கு எதிராகப் பயன்படும்போது வலுவிழக்கின்றன. உரிமையைக் காக்கத் தவறினால் உரிமையே போய்விடும் என அடிக்கடி கூறப்படுகிறது. வணிகச்சின்னத்துக்கு அவ்வச்சம் ஓரளவு பொருந்தும், பதிப்புரிமைக்குப் பொருந்தாது. ஒரு மீறலைப் பொறுத்துக்கொண்டதனால் மட்டும் பதிப்புரிமை அழிவதில்லை. சந்தை இழப்பு என்னும் வாதமும், பகடி மூலத்துக்கு மாற்றாக அமையும் இடத்தில் மட்டுமே செல்லும்.

'மரியோ ராயல்' இவ்வெல்லைக்கோட்டில் நிற்கிறது. பலர் ஒரே வேளையில் மரியோவாக ஓடி ஒருவரையொருவர் முந்தும் இவ்விளையாட்டு 2019 ஜூனில் இணையத்தில் வெளியாயிற்று. தனியொருவனின் வீரப்பயணம் நெரிசலில் சிக்கிய கும்பலோட்டமாகும் நகைச்சுவை அதில் இருந்தது. நிண்டெண்டோவின் வழக்கறிஞர்கள் தொடர்புகொண்டதும் படங்களும் ஒலிகளும் மாற்றப்பட்டு, பெயர் 'டிஎம்சிஏ ராயல்' ஆயிற்று. 2020 அக்டோபரில், 35 பேர் போட்டியிடும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 35' என்னும் விளையாட்டை நிண்டெண்டோ வெளியிட்டு, 2021 மார்ச் 31 அன்று நிறுத்திக்கொண்டது. பலர் போட்டியிடும் வடிவம் அக்காலத்தில் பரவலாக இருந்ததால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூற இயலாது. உரிமையாளர் செய்யக்கூடிய ஒன்றாகப் பகடி அமைந்தால் அது சந்தைப் போட்டியாகிறது என்பதும், உரிமையாளர் ஒருபோதும் செய்யாததைச் செய்யும் பகடிக்கு அவ்வாதம் பொருந்தாது என்பதுமே இங்குப் பெறப்படுபவை.

இணக்கமான நிறுவனங்களும் உண்டு. இரசிகர் விளையாட்டுகளால் அறிமுகமானவர்களைக் கொண்டே சேகா நிறுவனம் 2017இல் 'சோனிக் மேனியா'வை வெளியிட்டது. ஆனால், எட்டாண்டு உழைப்பில் உருவான 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரீமேக்' 2011இல் நீக்கப்பட்டதும் அதே நிறுவனத்தின் வேண்டுகோளாலேயே. பொறுத்தருளல் என்பது உரிமையாகாது. அளித்தவர் விரும்பும்வரை நிற்கும் சலுகை அது.

7. பிற நாட்டு நெறிகளும் இந்திய நிலையும்

ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கெனத் தனி விலக்கு இல்லை. பனிச்சறுக்கு வீரர் படமொன்றின்மீது பெரிய வண்டிச் சக்கரத்தைப் பொருத்தி மாட் அமானோ உருவாக்கிய ஒட்டுப்படம் தொடர்பான வழக்கில், 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேற்கோள் எனக் கொள்ளவேண்டுமாயின், எடுக்கப்பட்டதும் புதிதாகச் செய்ததும் தெளிவாகப் பிரித்தறியக்கூடியனவாய் இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நெறி. இரண்டும் ஒன்றிக் கலப்பதே பகடி என்பதால், இந்நெறி பகடியை அதன் இயல்புக்காகவே விலக்குகிறது. அங்கு இரசிகர் இதழ்களும் விளையாட்டுகளும் தழைப்பது உரிமையாளரின் மௌன இசைவினால்தான்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் டெக்மின் வழக்கில் வேறு வழி கண்டது. மூலத்தை நினைவூட்ட வேண்டும், அதிலிருந்து புலப்படும்படி வேறுபட வேண்டும், நகையோ எள்ளலோ இருக்க வேண்டும் என்பனவே அது கண்ட இலக்கணம். மூலத்தையே தாக்க வேண்டும் என அது கோரவில்லை. ஒப்புமையும் திரிபும் எனச் சார்புநூலுக்குக் கண்ட அமைப்புக்கு இது நெருக்கமானது. அவ்வாண்டு அக்டோபரில் பிரித்தானியாவும் கேலிச்சித்திரம், பகடி, போலச்செய்தல் ஆகியவற்றுக்குச் சட்ட விலக்கு அளித்தது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'பகடி' என்னும் சொல் இல்லை. எனினும், 52ஆம் பிரிவு திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் இடமளிக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகமாகச் சிவிக் சந்திரன் எழுதிய நாடகத்தை, மூலத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்தாண்டிருந்தும், திறனாய்வு என ஏற்றுக் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் அனுமதித்தது. ஒரு படைப்பை அதே வடிவத்தில் மறுமொழிந்து விமரிசிக்கலாம் என்னும் இக்கொள்கை, விளையாட்டை விளையாட்டாலேயே விமரிசிப்பதற்கும் விரியக்கூடியது.

விளையாட்டுப் பகடி ஒன்றே இந்திய நீதிமன்றத்தின் முன் வந்ததுமுண்டு. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத் திட்டத்தால் பங்குனி ஆமைகளுக்கு நேரும் இடரைச் சுட்ட, 'பேக்மேன்' விளையாட்டின் சாயலில் கிரீன்பீஸ் அமைப்பு ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டது. டாடா சின்னத்துக்குத் தப்பி ஆமை ஓடவேண்டும் என்பது அதன் விதி. அவதூறு, வணிகச்சின்ன மீறல் ஆகியவற்றைச் சுட்டி 10 கோடி ரூபாய் இழப்பீடு கோரி டாடா சன்ஸ் வழக்குத் தொடுத்தது. 2011 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. இவ்வழக்கு பதிப்புரிமை சார்ந்ததன்று. விளையாட்டை உருவாக்கியவர் இரசிகரும் அல்லர். எனினும் ஒன்று தெளிவாகிறது. நீதிமன்றம் ஒரு விளையாட்டைப் படித்து, அதன் நோக்கத்தை எடைபோட்டுத் தீர்மானிப்பது இயலாத செயலன்று. அவ்வாய்ப்பு ஏற்படுவதே அரிது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம், இணைய இடைநிலையாளர் குறித்த விதியில் ஒரு நல்ல அளவுகோலை வைத்தது. முறையீடு பெற்றதும் 21 நாட்களுக்கு அணுகலைத் தடுக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் அணுகலைத் தொடரலாம். முறையிட்டவரே நீதிமன்றம் செல்லவேண்டும் என்னும் இவ்வொழுங்கு, சுமையை வலியவர் தோளுக்கு மாற்றுகிறது. ஆனால், விளையாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கத் தளங்களிலேயே இடப்படுவதால், இந்தியப் படைப்பாளியும் நடைமுறையில் அந்நாட்டு அறிவிப்பு முறைக்கே உட்படுகிறார்.

8. ஆய்வுலகின் இழப்பு

நீக்கப்பட்ட பகடி திறனாய்வாளருக்கும் கிடைப்பதில்லை. ஆடியவர் பதிவுசெய்த காணொளி எஞ்சலாம். ஆனால் விதியால் பேசும் ஒரு படைப்பைக் காணொளியில் காண்பது, நாடகத்தைக் கதைச்சுருக்கத்தில் படிப்பதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விருதின் இரசிகர் படைப்புப் பிரிவுக்கு 'ஏஎம்2ஆர்', 'போக்கிமான் யுரேனியம்' ஆகியன பரிந்துரைக்கப்பட்டுப் பின் ஆரவாரமின்றிப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. படைப்போடு அதன் வரலாற்றுப் பதிவும் அகற்றப்படுவதை இது காட்டுகிறது. எதிர்கால ஆய்வாளர் இக்காலத்துப் பெரு நிறுவன விளையாட்டுகளை முழுமையாகக் காண்பார். அவற்றை அவற்றின் மொழியிலேயே விமரிசித்த குரல்களை, திருத்தப்பட்ட பாடங்களிலும் செய்திக் குறிப்புகளிலுமே தேட நேரிடும்.

முடிவுரை

இரசிகர் விளையாட்டுகள் அனைத்தும் பகடியல்ல. பகடி அனைத்தும் காக்கப்படத் தக்கதென்றும் இக்கட்டுரை வாதிடவில்லை. மறுவாக்கத்தையும் பகடியையும் ஒரே பட்டியலில் அடக்கும் அறிவிப்பு முறை, வகைமை குறித்த வினாவையே இல்லாமலாக்குகிறது என்பதே இங்கு நிறுவப்பட்டது. அதன் விளைவாக, சட்ட நூலில் உள்ள பகடியுரிமை வழக்காடும் வசதியுடையோருக்கே பயன்படுகிறது. சட்டத்தின் பகடி இலக்கணம் தாக்குதலை அடையாளமாகக் கொள்வதால், நேசத்தோடு கூடிய விமரிசனம் அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறது.

இரு மாற்றங்கள் இந்நிலையைத் தணிக்கக்கூடும். மூலத்தைத் தாக்குவதைக் கட்டாயமாக்காமல், ஒப்புமையும் புலப்படும் திரிபும் உடையதைப் பகடியெனக் கொள்ளும் டெக்மின் இலக்கணம் பரவலாதல் ஒன்று. முறையிட்டவரே குறித்த நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை பெறவேண்டும் என்னும் இந்திய விதியின் போக்கு, பணமீட்டாத இரசிகப் பகடிகளுக்கேனும் பிற நாடுகளில் ஏற்கப்படுதல் மற்றொன்று. திறனாய்வுத் துறை தன் பங்காகச் செய்யத்தக்கது, இவ்விளையாட்டுகளை அவை கிடைக்கும் காலத்திலேயே ஆடிப் படித்து, அவற்றின் விதிகளையும் பாட வேறுபாடுகளையும் விரிவாகப் பதிவுசெய்தல். என்றேனும் ஒரு பகடி விளையாட்டு நீதிமன்றத்தை எட்டுமாயின், அது பகடியே எனச் சான்று கூற அப்பதிவுகள் தேவைப்படும்.